நட்சத்திரம் போட்ட பெயர்கள்: சுமேரியாவில் மன்னன் கடவுளான கதை

நிப்பூர் என்பது சுமேரியாவில், அதாவது இன்றைய தெற்கு ஈராக்கில், இருந்த ஒரு பழைய நகரம். அங்கே ஒரு சின்ன வீட்டில், கி.மு. 1740 வாக்கில், பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. 1951-52-ல் அந்த இடத்தைத் தோண்டிய ஆய்வாளர்கள் அதற்கு ‘எஃப் வீடு’ என்று பெயரிட்டார்கள். கிடைத்தவை சுமார் 1,400 களிமண் பலகைத் துண்டுகள்; பெரும்பாலும் பிள்ளைகள் எழுதிப் பழகியவை. எழுதி முடித்த பலகைகளை என்ன செய்வது? வீட்டைச் செப்பனிடும்போது சுவருக்கும் தரைக்கும் அவற்றையே போட்டு நிரப்பிவிட்டார்கள். நமக்கு அதிர்ஷ்டம்.

அந்தப் பிள்ளைகள் முதலில் ஆப்பெழுத்துக் குறிகளைக் குத்திப் பழகினார்கள். அப்புறம் சொற்பட்டியல்கள்: மரங்கள், பானைகள், கற்கள், தொழில்கள். பிறகு பழமொழிகள். எல்லாம் முடிந்து இலக்கியத்துக்கு வந்தால், கைக்கு வந்த முதல் பாடங்களில் ஒன்று ‘அரசன் நான், கருவிலேயே வீரன் நான்’ என்று தொடங்கும் பாடல். அதில் பேசுகிறவர் ஷுல்கி, ஊர் நகரத்து மன்னர். பையன் அதை எழுதிப் பழகும்போது ஷுல்கி இறந்து 300 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய வம்சம் அழிந்துவிட்டது. பாடலின் மொழியான சுமேரியத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. பையன் அம்மாவிடம் பேசியது அக்காதிய மொழி. இருந்தும் ஷுல்கியின் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போன்ற ஒரு குறியைப் போட அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குறிக்குப் பொருள் கடவுள்.

சுமேரியாவில் மன்னர்கள் எப்படிக் கடவுளானார்கள் என்று கேட்பவர்கள் வழக்கமாகக் கோயில்களையும் கல்லறைகளையும்தான் பார்ப்பார்கள். எனக்கு இந்தப் பையனின் விரல்தான் முக்கியமாகத் தோன்றுகிறது. மன்னன் தன் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம். அவன் போன பிறகும் அது அங்கேயே இருக்குமா என்பது எழுதுகிறவன் கையில்தான் இருந்தது.

குறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூல வடிவத்தில் அது ஒரு நட்சத்திரம். ‘அன்’ என்று படித்தால் வானம், ‘திங்கிர்’ என்று படித்தால் கடவுள். ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் அதை வாய்விட்டுப் படிப்பதில்லை. ‘அடுத்து வருவது தெய்வத்தின் பெயர்’ என்று படிப்பவனுக்குக் காட்டும் சைகை மட்டும். என்லில், நன்னா, இனன்னா என்ற தெய்வங்களின் பெயர்களுக்கு அது உண்டு. மனிதர்களுக்குக் கிடையாது. ஆக, மன்னன் பெயருக்கு முன்னால் அது ஏறியபோது, காதில் எந்த வித்தியாசமும் விழாது. களிமண்ணைப் பார்ப்பவனுக்குத்தான் மாற்றம் தெரியும்.

ஊர் என்ற நகரப் பெயரைப் பார்த்ததும் நம்மவர்கள் பலருக்கு ஒரு துள்ளல் வரும். அதை இங்கேயே முடித்துவிடலாம். சுமேரியர்கள் அந்த நகரத்துக்குச் சொன்ன பெயர் ‘உரிம்’. நகரம் என்பதற்கு அவர்களிடம் ‘இரி’ அல்லது ‘உரு’ என்ற சொல் இருந்தது உண்மைதான். ஆனால் சுமேரியம் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஒலிப் பொருத்தத்தை நம்பி மாடி கட்டுவது ஆபத்து. தமிழ் நமக்கு இங்கே உதவுவது வேறு விதத்தில். ‘இறை’ என்றால் நமக்குக் கடவுளும்தான், அரசனும்தான். ‘கோயில்’ பழைய தமிழில் அரண்மனைக்கும் பெயர். சுமேரியத்தில் கோயில் என்பது தெய்வத்தின் ‘வீடு’; அரண்மனை ‘பெரிய வீடு’. இரண்டும் தனித்தனி. தமிழ்ச் சொல்லுக்குள் தானாகச் சேர்ந்திருப்பதை அவர்கள் வேலை மெனக்கெட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது.

சுமேரியாவில் ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்துக்குச் சொந்தம். நிப்பூர் என்லிலுக்கு, ஊர் சந்திரனான நன்னாவுக்கு, உருக் இனன்னாவுக்கு, எரிது என்கிக்கு. நிலமும் களஞ்சியமும் தெய்வத்தின் சொத்து. ஆள்பவன் அதைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரன் போலத்தான். கி.மு. 2450 வாக்கில் லகாஷ் நகரத்தை ஆண்ட எஅன்னாதும் என்ற மன்னன் ஒரு வெற்றிக்கல் நட்டான். பிணங்களைக் கழுகுகள் கொத்துவதைச் செதுக்கியிருப்பதால் ‘கழுகுக் கல்’ என்று அதற்குப் பெயர். அதில் அவன் சொல்லிக்கொள்வதைப் பாருங்கள்: தன்னைக் கருவில் வைத்தது நின்கிர்சு தெய்வம், பெயர் சூட்டியது இனன்னா, பால் கொடுத்தது நின்குர்சாக் தேவி, பிறந்த குழந்தையின் உயரம் ஐந்து முழமும் ஒரு சாணும். இவ்வளவு சொன்னவன் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போட்டுக்கொள்ளவில்லை. அண்டை நகரமான உம்மாவோடு அவன் சண்டை போட்ட வயல்கூட நின்கிர்சுவின் வயல்தான். தெய்வத்தின் பிள்ளையாக இருக்கலாம். தெய்வமாக முடியாது என்ற எல்லைக்கோடு அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோட்டைத் தாண்டியவர் சுமேரியர் இல்லை. அக்காதியப் பேரரசை நிறுவிய சர்கோனின் பேரன் நராம்-சின், ஆட்சிக்காலம் சுமார் கி.மு. 2254 முதல் 2218 வரை. வட ஈராக்கில் பாஸ்ஸெத்கி என்ற இடத்தில் 1970களில் ஒரு செம்புச் சிலையின் அடிப்பாதி கிடைத்தது; அமர்ந்த மனிதனின் கால்களும் பீடமும் மட்டும்தான், எடை சுமார் 150 கிலோ. பீடத்தில் உள்ள வாசகம் சொல்வது இது: நான்கு திசைகளும் சேர்ந்து நராம்-சினை எதிர்த்தன, ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் அவர் வென்றார், தங்கள் நகரத்தின் அடித்தளத்தைக் காப்பாற்றியதால், பேரரசின் தலைநகரான அகாதேயின் மக்கள், அவரைத் தங்கள் நகரத்தின் கடவுளாகத் தரும்படி தெய்வங்களிடம் கேட்டார்கள், நகரத்தின் நடுவே அவருக்குக் கோயில் கட்டினார்கள். எந்தெந்தத் தெய்வங்களிடம் கேட்டார்கள் என்று பட்டியலும் உண்டு. ஊர் ஊராகப் பெயர் சொல்லி, எட்டு.

‘நான் கடவுள்’ என்று மன்னர் அறிவிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனு கொடுத்தவர்கள் மக்கள், அனுமதித்தவர்கள் பழைய தெய்வங்கள், மன்னர் வெறுமனே ஏற்றுக்கொண்டார். அரசியல் அறிக்கை எழுதத் தெரிந்த யாரோ ஒரு கெட்டிக்கார எழுத்தரின் வேலை இது. ஏன் தேவைப்பட்டது என்பதும் பெரிய புதிர் இல்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் ஏற்கெனவே ஒரு உரிமையாளர் இருக்கிறார், அவர் தெய்வம். பல நகரங்களை ஆளும் பேரரசன் எந்த நகரத்தில் யாருடைய காரியக்காரன்? பழைய ஏற்பாட்டில் அவனுக்கு இடமே இல்லை. தெய்வமாகிவிட்டால் உரிமையாளர்களின் வரிசையிலேயே ஒரு நாற்காலி கிடைக்கிறது. அவருடைய அதிகாரிகளின் முத்திரைகளில் ‘நராம்-சின், அகாதேயின் கடவுள், இன்னார் உன் அடிமை’ என்று பொறித்திருக்கிறார்கள். நகரத்துக்குத் தெய்வம் என்ற பழைய சட்டத்தை உடைக்காமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

(அந்தச் சிலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 2003-ல் பாக்தாத் அருங்காட்சியகம் கொள்ளை போனபோது இதையும் தூக்கிப் போனார்கள். அதே ஆண்டு கடைசியில் ஒரு கழிவுநீர்க் குழிக்குள்ளிருந்து மீட்டார்கள்.)

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நராம்-சினின் வெற்றிக்கல் நிற்கிறது. மலையேறிப் போகும் மன்னர், காலடியில் எதிரிகள், தலையில் கொம்பு வைத்த கவசம். அந்தக் கொம்பு அதுவரை தெய்வங்களுக்கு மட்டுமே உரிய அணி. கல் கிடைத்தது ஈராக்கில் இல்லை, ஈரானின் சூசாவில். கி.மு. 12-ம் நூற்றாண்டில் எலாம் நாட்டு மன்னன் ஷுத்ருக்-நகுந்தே அதைக் கொள்ளையடித்துக் கொண்டுபோய், பழைய எழுத்தை முற்றிலும் அழிக்காமல் பக்கத்தில் தன் வாசகத்தையும் வெட்டி வைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னரின் பெயர் இருந்தால்தானே தோற்கடித்த பெருமை நிற்கும்!

இனி நினைவு செய்த வேலைக்கு வருவோம். நராம்-சின் இறந்து ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் சுமேரியத்தில் ஒரு நீண்ட கவிதை எழுந்தது. ‘அகாதேயின் சாபம்’ என்று இன்று அதை அழைக்கிறார்கள். கதை இப்படிப் போகிறது. என்லிலின் மனம் அகாதேயை விட்டு விலகுகிறது. நராம்-சின் கனவில் அதைக் கண்டு ஏழு ஆண்டுகள் துக்கம் காக்கிறார். பிறகு ஆட்டுக்குட்டியின் குடலைப் பார்த்துக் குறி கேட்கிறார், சாதகமாக வரவில்லை. மறுபடி கேட்கிறார், அப்போதும் வரவில்லை. பொறுமை போய்விடுகிறது. நிப்பூரில் என்லிலின் கோயிலான எகூரின் மேல் கோடரியோடு படையை ஏவி, பொக்கிஷத்தைக் கப்பலில் ஏற்றுகிறார். பதிலுக்கு என்லில் மலைகளிலிருந்து குத்தியர் என்ற கூட்டத்தை இறக்குகிறார். வயல் விளையவில்லை, கால்வாயில் மீன் இல்லை, ஒரு ஷெக்கல் எடை வெள்ளிக்கு அரைப்படி எண்ணெய்தான் கிடைக்கிறது. தெய்வங்கள் கூடி நகரத்தைச் சபிக்கின்றன.

தோண்டிப் பார்த்தால் வேறு கதை. எகூரை நராம்-சின் இடிக்கவில்லை, எடுத்துக் கட்டினார். அவர் பெயர் பொறித்த செங்கற்கள் நிப்பூரிலேயே கிடைத்தன. வேலையை முடித்தவர் அவர் மகன் ஷர்-கலி-ஷர்ரி. பேரரசு உடைந்ததும் நராம்-சின் காலத்தில் இல்லை. மகன் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆண்ட பிறகு. புதுப்பிக்கும்போது பழைய கோயிலைப் பிரித்திருப்பார்கள் அல்லவா, அந்தக் காட்சியே ‘கோயிலை இடித்தான்’ என்று மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. கவிதைக்கு ஒரு பாவி தேவைப்பட்டான். தன்னைக் கடவுள் என்று எழுதிக்கொண்ட முதல் ஆளைவிடப் பொருத்தமானவன் யார்? பின்னாலும் இது விடவில்லை. குத்தா நகரத்தோடு தொடர்புடைய அக்காதியக் கதையொன்றில், குறி சொன்னதை மதிக்காமல் படையெடுத்து லட்சக்கணக்கில் ஆட்களைப் பலி கொடுத்து, ‘என்னைப் பார்த்துத் திருந்துங்கள்’ என்று வருங்கால மன்னர்களுக்கு எழுதி வைப்பவரும் நராம்-சின்தான். தாத்தா சர்கோன் நல்லவர், பேரன் தறுதலை என்று நினைவு இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக்கொண்டது.

அகாதே நகரம் எங்கே இருந்தது என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாபம் பலித்தது என்று கவிஞர் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு கெட்ட பெயர் எடுத்த உத்தியை அடுத்து வந்தவர்கள் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஊர் நகரத்தில் ஊர்-நம்மு (கி.மு. 2112–2095) தொடங்கிய வம்சத்தை வரலாற்றில் ஊரின் மூன்றாம் வம்சம் என்பார்கள். ஊரின் பெரிய ஜிகுராத்தை, அதாவது படிப்படியாக உயரும் கோயில் கோபுரத்தைத், தொடங்கியவர் அவர். அவருடைய மரணத்தைப் பற்றி ஒரு வினோதமான கவிதை உண்டு: போர்க்களத்தில் உடைந்த பானையைப் போல அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்கிறது. கோயில் கட்டினார், கால்வாய் வெட்டினார், தெய்வங்கள் அவர் பக்கம் நிற்கவில்லை என்று வெளிப்படையாகவே புலம்புகிறது. அரசவைக் கவிதையில் இப்படி ஒரு கேள்வி வந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட அப்பாவின் மகன்தான் ஷுல்கி. 48 ஆண்டுகள் ஆண்டார் (கி.மு. 2094–2047). ஆட்சியின் முதல் பாதியிலேயே அவர் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் ஏறிவிட்டது. அதே கட்டத்தில்தான் ஊர் நகரத்து மக்களிலிருந்து ஈட்டிப்படை திரட்டியது, எடைகளையும் அளவுகளையும் ஒழுங்குபடுத்தியது, கோயில் நிலங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது, மாகாணங்கள் முறைவைத்துக் கொடுக்கும் வரியை அமைத்தது எல்லாம். தெய்வமாவதும் நிர்வாகச் சீர்திருத்தமும் ஒரே மூட்டையில் வந்தன. கோயில் சொத்தில் கை வைக்க வேண்டுமானால், கோயில் வைத்திருப்பவனாக ஆகிவிடுவது வசதி.

நராம்-சின் செய்யாத ஒன்றை ஷுல்கி செய்தார்: உறவுமுறை தேடினார். உருக் நகரத்தின் பழைய வீரன் கில்காமேஷின் தாய் நின்சுன் என்ற தேவி. கி.மு. 2600 வாக்கில் எழுதிய தெய்வப் பட்டியல்களிலேயே கில்காமேஷின் பெயர் இருக்கிறது. ஷுல்கி தன்னையும் நின்சுனின் மகன் என்றார். கில்காமேஷைச் சகோதரன், நண்பன் என்று அழைத்துப் பாடல் எழுத வைத்தார். ஏற்கெனவே கடவுளாகிவிட்ட அண்ணன் இருந்தால் தம்பி கடவுளாவதில் யார் குறை சொல்ல முடியும்? கில்காமேஷைப் பற்றிய சுமேரியப் பாடல்கள் இந்த அரசவையில்தான் போற்றப்பட்டன என்று பலரும் கருதுகிறார்கள். உலகம் இன்று கில்காமேஷைப் படிப்பதற்கு ஒரு காரணம், ஒரு மன்னருக்கு அவசரமாக அண்ணன் தேவைப்பட்டதுதான்.

ஷுல்கியின் பேரில் இருபதுக்கு மேற்பட்ட துதிப்பாடல்கள் உண்டு. நம் கல்வெட்டு மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தொனி உடனே பிடிபடும். ஆனால் மெய்க்கீர்த்தியில் யாரோ மன்னனைப் புகழ்வார்கள், இங்கே பல பாடல்களில் மன்னரே ‘நான், நான்’ என்று பேசுகிறார். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அந்தப் பாடலில் அவர் சாலைகளைச் செப்பனிடுகிறார், வழியில் தோட்டம் வைத்த சத்திரங்கள் கட்டுகிறார், பிறகு ஓடுகிறார். நிப்பூரிலிருந்து ஊருக்கு 15 தன்னா, அதாவது சுமார் 160 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பி, இரண்டு நகரங்களிலும் திருவிழாவில் கலந்துகொள்கிறார். வழியில் ஆலங்கட்டி மழை, சூறாவளி, இடி. சிங்கத்தைப் போலக் கலங்காமல் ஓடினாராம். 320 கிலோமீட்டர்! 24 மணி நேர ஓட்டத்தின் உலக சாதனையாக 2022-ல் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் ஓடிய தூரம் 319 கிலோமீட்டர்தான்.

நடந்ததோ இல்லையோ, அது அரசுப் பதிவிலும் ஏறிவிட்டது. சுமேரியாவில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஷுல்கியின் ஏழாம் ஆண்டின் பெயர், ‘மன்னர் ஊருக்கும் நிப்பூருக்கும் போய்த் திரும்பிய ஆண்டு’ என்ற பொருளில் அமைந்தது. யாரோ ஒருவன் வாற்கோதுமை கடன் வாங்கினாலும், செம்மறி ரசீது எழுதினாலும், தேதி போட வேண்டிய இடத்தில் மன்னரின் ஓட்டத்தைத்தான் எழுத வேண்டும். விளம்பரம் என்றால் இது விளம்பரம்.

இன்னொரு பாடலில் ஷுல்கி தன் படிப்பைப் பற்றிப் பெருமையடிக்கிறார். சின்ன வயதிலேயே பள்ளிக்குப் போனாராம். களிமண்ணில் எழுதுவதில் தனக்கு இணையான பிள்ளை இல்லையாம். கூட்டல் கழித்தலும் வருமாம். அதே பாடலில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. பழங்காலப் பாடல்களைக் கண்டால் தான் அவற்றைப் பொய் என்று தள்ளவில்லை, மறதிக்கு விடவில்லை, காப்பாற்றி வைத்தேன் என்கிறார். அடுத்து, எழுத்தின் தேவியான நிசபாவின் அறிவுக்கூடத்தில், ஊரிலும் நிப்பூரிலும், தன் பாடல்களை எழுத்தர்களும் பாடகர்களும் வைத்துக் காக்க வேண்டும், ஒரு சொல்கூட மாறக்கூடாது, மறக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்கிறார். முந்தியவர்களின் பாட்டை நான் காத்தேன், என் பாட்டை நீங்கள் காருங்கள் என்ற ஒப்பந்தம். பள்ளிக்கூடத்தில் படித்த மனிதருக்குத்தான் இது தோன்றும். களிமண் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றாடத்தில் மன்னர் கடவுளாக இருப்பது எப்படி? கணக்குப் பலகைகளைப் பார்த்தால் அது ஆடு மாடு சமாச்சாரம். ஷுல்கி தன் ஆட்சியின் 39-ம் ஆண்டில் நிப்பூருக்கு அருகே புஸ்ரிஷ்-தகன் என்ற கால்நடை மையத்தை அமைத்தார். இன்ன தெய்வத்துக்கு இத்தனை ஆடு என்று அங்கே எழுதிய பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ‘ஷுல்கி திருவிழா’ என்று ஒரு மாதத்துக்கே பெயர் வந்தது. பிள்ளைகளுக்கு ‘ஷுல்கி-இலி’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஷுல்கி என் கடவுள்’ என்று பொருள். ஒப்பந்தங்களில் மன்னர் பெயரால் சத்தியம் செய்தார்கள். பேரன் ஷு-சின் காலத்தில், எஷ்னுன்னா நகரத்து ஆளுநர் இதூரியா மன்னர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கோயில் கட்டினார். 1930களில் சிகாகோ ஆய்வாளர்கள் அதைத் தோண்டினார்கள். சில ஆண்டுகளில் ஊரின் பிடி தளர்ந்து எஷ்னுன்னா தனியாகப் போனதும், அதே கட்டடம் அரண்மனையோடு சேர்ந்து சாதாரண உபயோகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கோயில் பக்தியில் எழுந்ததா, தலைமையகத்துக்கு வைத்த வணக்கமா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஷுல்கி இறந்ததைக் கணக்கர்கள் ‘இறந்தார்’ என்று எழுதவில்லை. ‘வானத்துக்கு ஏறினார்’ என்று எழுதினார்கள். அதையொட்டி வேலைக்காரப் பெண்களுக்கு ஏழு நாள் விடுப்பு கொடுத்ததாக ஒரு கணக்கு இருக்கிறது. வானத்துக்குப் போனவருக்குப் பூமிக்கடியில் கல்லறையும் இருந்தது. 1922 முதல் 1934 வரை ஊரைத் தோண்டிய லியோனார்ட் வூலி, இந்த வம்சத்தின் நிலவறைக் கல்லறைகளைக் கண்டார். எல்லாம் பழங்காலத்திலேயே கொள்ளை போனவை. வானத்திலும் இருக்கிறார், கல்லறையிலும் இருக்கிறார் என்பதில் அவர்களுக்கு முரண் தெரியவில்லை.

கல்லறைக்குப் பக்கத்தில் ‘தண்ணீர் குடிக்கும் இடம்’ என்று ஒன்று இருக்கும். இறந்தவர்களுக்கு நீரும் பீரும் வார்க்கும் இடம். மன்னன் கடவுள் என்ற பெரிய கொள்கையைவிட இந்தச் சின்ன இடத்தைப் புரிந்துகொள்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கொள்கைக்குக் கீழே ஓடிய தண்ணீர் இதுதான். கில்காமேஷைப் பற்றிய ஒரு சுமேரியப் பாடலில், கீழுலகம் போய் வந்த தன் தோழன் என்கிதுவிடம் கில்காமேஷ் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். ஒரு மகன் பெற்றவனைப் பார்த்தாயா? பார்த்தேன், சுவரில் அடித்த முளையைப் பார்த்து அழுகிறான். இரண்டு மகன்? இரண்டு செங்கல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். மூன்று மகன்? தோல்பையில் தண்ணீர் குடிக்கிறான். ஏழு மகன்கள் பெற்றவன்? தெய்வங்களின் தோழனைப் போல ஆசனத்தில் இருக்கிறான். படையல் போட ஆள் இல்லாதவனைப் பார்த்தாயா? தெருவில் எறிந்த மிச்சத்தைத் தின்கிறான்.

நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். எள்ளும் தண்ணீரும் இறைக்கப் பிள்ளை வேண்டும் என்ற கவலை எந்த மண்ணிலும் ஒன்றுதான். மன்னர்கள் இந்தக் கவலையைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். லகாஷின் குதேயா (கி.மு. 2120 வாக்கில்) தன் உருவத்தைக் கறுப்பு டயோரைட் கல்லில் செதுக்க வைத்தார். ஒரு சிலையின் வாசகம், இது வெள்ளியால் ஆனதல்ல, நீலக்கல்லால் ஆனதல்ல, செம்போ ஈயமோ அல்ல, டயோரைட் என்று அழுத்திச் சொல்கிறது. விலையுயர்ந்த பொருளை உருக்கிவிடுவார்கள்; இந்தக் கல்லை எவனும் ஆசைப்பட்டு எடுக்க மாட்டான் என்ற கணக்கு. தினமும் அந்தச் சிலைக்குக் கொடுக்க வேண்டிய பீரும் ரொட்டியும் மாவும் எவ்வளவு என்று அளவோடு எழுதி, நிறுத்துகிறவனுக்குச் சாபமும் வைத்தார். உயிரோடு இருந்தபோது அவர் நட்சத்திரம் போட்டுக்கொள்ளவில்லை. இறந்த பிறகு, ஊர் வம்சத்தின் காலத்தில், அவர் பெயருக்கும் அது வந்து ஒட்டிக்கொண்டது. படையல் தொடர்ந்தால் தெய்வத்தன்மை தானாக வரும் போலிருக்கிறது.

படையல் பெறுகிறவர்களின் பட்டியல் ஒன்று என்றால், ஆண்டவர்களின் பட்டியல் இன்னொன்று. சுமேரிய மன்னர் பட்டியல் என்ற புகழ்பெற்ற ஆவணம், ‘அரசுரிமை வானத்திலிருந்து இறங்கியபோது’ என்று தொடங்குகிறது. எரிதுவில் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டானாம், அலல்கர் 36,000. வெள்ளம் வருகிறது. பிறகு கிஷ், உருக், ஊர் என்று அரசுரிமை நகரம் நகரமாக நகர்கிறது. வானத்துக்கு ஏறிய மேய்ப்பன் எதானா வருகிறான். கள் விற்ற குபாபா என்ற பெண் கிஷில் 100 ஆண்டுகள் ஆள்கிறாள். கில்காமேஷுக்கு 126 ஆண்டுகள். அக்காதியப் பேரரசு உடைந்த இடத்தில் பட்டியலே குழம்பி, ‘மன்னன் யார்? மன்னன் யார் இல்லை?’ என்று கேட்டுவிடுகிறது. இதன் மிகப் பழைய பிரதி ஷுல்கி காலத்தது, அதில் வெள்ளத்துக்கு முந்தைய பகுதி கிடையாது. நேராகக் கிஷில் தொடங்குகிறது. அந்த 28,800 ஆண்டுக்காரர்கள் பிற்பாடு முன்னால் ஒட்டப்பட்டவர்கள். ஒரு நேரத்தில் ஒரே நகரத்துக்குத்தான் அரசுரிமை என்பது இந்தப் பட்டியலின் வாதம். உண்மையில் இதில் பலர் ஒரே காலத்தில் அருகருகே ஆண்டவர்கள்.

லகாஷ் பட்டியலில் இல்லவே இல்லை. எஅன்னாதும் இல்லை, குதேயா இல்லை. அந்த நகரத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லகாஷ் ஆட்சியாளர்களின் தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் குழந்தைகள் 100 ஆண்டுகள் துணி கட்டிய பச்சிளம் குழந்தையாகவே இருந்தார்கள் என்று அதில் வருகிறது. கேலிக்காக எழுதியது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நம்மை விட்டுவிட்டு எழுதினீர்களா, இந்தாருங்கள் எங்கள் கணக்கு என்று.

கி.மு. 2004-ல் எலாமியர்கள் ஊரை வீழ்த்தி, கடைசி மன்னர் இப்பி-சினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பெயருக்கும் நட்சத்திரம் உண்டு. கடவுளை எதிரி கட்டி இழுத்துப் போனால் என்ன விளக்கம் சொல்வது? புலம்பல் பாடல்கள் சாமர்த்தியமாகச் சொல்கின்றன: நன்னா தன் நகரத்துக்காகக் கெஞ்சுகிறார், என்லில், ஊருக்கு அரசுரிமை கொடுத்தோம், நிரந்தர ஆட்சி கொடுக்கவில்லை, எந்த ஆட்சி நிலைத்திருக்கிறது என்கிறார். மன்னரின் தெய்வத்தன்மை பற்றிப் பேச்சே இல்லை. பிற்காலத்தில் ஆட்டீரலைப் பார்த்துக் குறி சொன்னவர்களுக்கு ‘இப்பி-சினின் குறி’ என்றால் பேரழிவு என்று அர்த்தம்.

அடுத்து வந்த இசின் நகரத்து மன்னர்களும் நட்சத்திரம் போட்டுக்கொண்டு, ஷுல்கியின் பாடல்களை அச்சடித்தாற்போல் தங்களுக்கும் எழுதிக்கொண்டார்கள். அந்த வம்சத்தைப் பற்றிப் பின்னால் எழுதிய ஒரு நாளாகமத்தில் நல்ல கதை ஒன்று உண்டு. கெட்ட சகுனம் வந்ததால், ஆபத்தைத் தாங்கிக்கொள்ள என்லில்-பானி என்ற தோட்டக்காரனைத் தற்காலிகமாக அரியணையில் உட்கார வைக்கிறார்கள். சகுனம் நிஜ மன்னனைத் தேடிப் பிடிக்கிறது: எர்ரா-இமித்தி சூடான கஞ்சியைக் குடித்துச் செத்துப்போகிறான். தோட்டக்காரன் எழுந்திருக்க மறுத்துவிடுகிறான். அவனுக்கும் நட்சத்திரம் கிடைத்தது.

பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டத்தின் முன்னுரையில் தன்னை ‘மன்னர்களின் கடவுள்’ என்றார், ஆனால் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் குறி போடவில்லை. அதன்பின் வழக்கம் மங்கிப்போனது. அங்குமிங்கும் தலைகாட்டியதோடு சரி.

நாம் ஆரம்பத்தில் பார்த்த பையன் ஹம்முராபியின் மகன் காலத்தவன். ஷுல்கியின் ஓட்டம், இசின் மன்னர் ஒருவரின் துதி, மண்வெட்டியைப் பற்றிய ஒரு பாட்டு, கில்காமேஷும் காட்டின் காவலன் ஹுவாவாவும் மோதும் கதை என்று பத்துப் பாடங்கள் அவன் படிப்பின் மையம். கோயில்களில் ஷுல்கிக்கு ஆடு வெட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. பள்ளியில் அவர் இலக்கணப் பாடம். வினைச்சொல்லின் முன்னொட்டுகளைக் கற்பதற்கு ‘நான் ஓடினேன், நான் செப்பனிட்டேன்’ என்று பேசும் மன்னர் மிக வசதி. ஷுல்கியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பாடல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கைப்பிரதிகள்தான்; அவர் காலத்து அரசவைப் பிரதிகள் அல்ல. சொல் மாறக்கூடாது என்று அவர் விதித்தாரே, மாறியதா இல்லையா என்று சரிபார்க்கக்கூட வழி குறைவு.

பள்ளிக்கு வெளியே அவருக்கும் நராம்-சின் கதிதான். பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய பாபிலோனிய நாளாகமம் ஒன்று, ஷுல்கி எரிதுவுக்குத் தாராளமாகக் கொடுத்தாலும் தீய மனம் கொண்டவர், பாபிலோனின் எசகிலா கோயில் சொத்தைக் கொள்ளையடித்தவர் என்கிறது. ஷுல்கி காலத்தில் பாபிலோன் பெரிய நகரமே இல்லை. அதனால் என்ன, எழுதியவர் பாபிலோன்காரர்.

கடைசியாக நபோனிதுஸ். கி.மு. 556 முதல் 539 வரை பாபிலோனை ஆண்ட இவருக்குப் பழையதைத் தோண்டுவதில் பைத்தியம். சிப்பாரில் சூரியக் கோயிலின் அடியில் நராம்-சின் வைத்த அடிக்கல்லைக் கண்டெடுத்து, 3,200 ஆண்டுகளாக எந்த மன்னனும் பார்க்காதது என்று மகிழ்ந்து எழுதினார். உண்மையில் சுமார் 1,700 ஆண்டுகள். நராம்-சின் சர்கோனின் மகன் என்றும் எழுதினார், பேரன். அங்கே சர்கோனின் சிலை ஒன்றும் தலை பாதி உடைந்து கிடைத்ததாம். பழுது பார்த்து, அதற்குத் திரும்பப் படையல் ஏற்பாடு செய்தார். எப்போதோ நின்றுபோன சாப்பாடு மறுபடி வந்தது. ஊரில் தன் மகளை நன்னாவின் தலைமைப் பூசாரியாக அமர்த்தி, அந்தப் பழைய பதவியையும் உயிர்ப்பித்தார்.

அந்த மகள் வாழ்ந்த கட்டடத்தை வூலி தோண்டியபோது, வெவ்வேறு காலத்துப் பழம்பொருட்கள் ஒரே தளத்தில் சேர்ந்து கிடந்தன. அவற்றுள் மத்தளம் போன்ற வடிவில் ஒரு களிமண் துண்டு. ஷுல்கியின் மகன் அமர்-சினின் செங்கல் வாசகத்தை ஒருவர் அதில் நகலெடுத்திருக்கிறார். ஊரின் ஆளுநர் கோயிலின் பழைய அமைப்பைத் தேடும்போது இடிபாடுகளில் இந்தச் செங்கல் கிடைத்தது என்றும், அதைத் தான் பார்த்து, மற்றவர்கள் பார்ப்பதற்காக எழுதி வைத்ததாகவும் கீழே குறிப்பு. நகலெடுத்தவர் கோயிலில் புலம்பல் பாடும் பூசாரி, காலம் கி.மு. 7-ம் நூற்றாண்டு. தான் நினைத்துக்கொண்ட அளவுக்கு அவருக்குச் சுமேரியம் வரவில்லை என்று வூலி கொஞ்சம் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். நகல் முழுக்க எழுத்துப்பிழை.